கந்தோரில் வேலை செய்த அப்பாக்கள்

வியாகுல மாதா கோயில் கண்டி வாவியைப் பார்த்தபடி ஒரு மேட்டில் நிற்கிறது. அந்த மேட்டை ஏறி முடிப்பதற்குள் பாதிப் பாவம் வியர்வையாகவே போய்விடும், மிச்சத்துக்குத்தான் பாவசங்கீர்த்தனம் என்று பெற்றீசியாவின் புருஷன் யாகப்பர் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மூன்று பூசை. விடியற்காலையில் சிங்களப் பூசை. சாப்பிட்டுக் குளித்து சாவகாசமாக வருகிறவர்களுக்கு ஆங்கிலப் பூசை. வெயில் உச்சிக்கு ஏறி வயிறு கத்தத் தொடங்கும் நேரத்தில் தமிழ்ப் பூசை. ஏன் இந்த ஒழுங்கு என்று கேட்டால், தமிழர்கள் கலஹா, பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வரவேண்டுமே, அவர்களுடைய வசதிக்காகத்தான் என்று பதில் வரும். பஸ் பிடித்து வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் டவுனிலேயே வீடு கட்டிக் குடியேறி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. வசதி மட்டும் இன்னும் பஸ்ஸில்தான் வந்துகொண்டிருக்கிறது.

மூன்று கூட்டமும் ஒரே கூரையின் கீழ் உட்காருவது வருடத்தில் ஒரு தடவை, திருநாள் பூசையன்று. அன்றைக்கு முதல் வாசகம் ஆங்கிலத்தில், நற்செய்தி சிங்களத்தில், நடுவில் இரண்டாம் வாசகம் தமிழில். பாட்டுகளிலும் ஒன்று தமிழ் என்று சொல்லிக்கொள்வார்கள், ஆனால் நேரம் போதாதென்று அதை ஒரு சரணத்தோடு வெட்டிவிடுவார்கள். ஆகவே திருநாளன்று அந்தக் கோயிலில் தமிழ் தலைநிமிர்ந்து நிற்கும் இடம் இரண்டாம் வாசகம் ஒன்றுதான். அந்த இரண்டாம் வாசகம் பெற்றீசியாவுக்குச் சொந்தம்.

பெற்றீசியா கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் காரியாலயத்தில், கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தலை நரைக்கத் தொடங்குமுன்பே வாசக மேடை ஏறியவர், இன்னும் இறங்கவில்லை. திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே வீட்டில் தயிர் நின்றுவிடும், ஐஸ் தண்ணீர் நின்றுவிடும், தொண்டைக்கு இஞ்சியும் தேனும் தொடங்கிவிடும். கண்ணாடிக்கு முன் நின்று சத்தமாக வாசித்துப் பார்ப்பார். அவர் படும் பாட்டைப் பார்த்தால், அந்தத் திருமுகத்தை எழுதிய அப்போஸ்தலர் சின்னப்பரே இவ்வளவு பாடு பட்டிருக்கமாட்டார் என்று தோன்றும். மேடையில் நிற்கும்போது ஒரு சனமே தன் தொண்டைக்குள் வந்து நிற்பதாக அவருக்கு நினைப்பு. கொஞ்சம் அதிகப்படிதான். வேறு ஒருவரும் அந்த வேலைக்கு முன்வராதபோது ஒருத்தர் கொஞ்சம் அதிகப்படியாக நினைத்துக்கொண்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

பெற்றீசியாவிடம் பிறந்த ஊரைக் கேட்டால், "கலஹா அப்பா கந்தோர்ல வேலை" என்று ஒரே மூச்சில் சொல்வார். நடுவில் ஒரு காற்புள்ளி வைக்கக்கூட இடம் தரமாட்டார். அப்பா தோட்டத்து ஆபீசான கந்தோரில் வேலை செய்தது பொய்யில்லை. காலையில் கந்தோரைக் கூட்டித் துரையின் மேசையைத் துடைத்துவிட்டு, பிறகு தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார். அம்மா கொழுந்தெடுத்தார். பெற்றீசியாவும் பள்ளிக்கூட லீவு முழுவதும் அம்மாவுக்குப் பின்னால் கூடை மாட்டிக்கொண்டு மலை ஏறியவர்தான். டவுனில் இது தெரிந்த ஒரே ஆள் புருஷன் யாகப்பர். தெரியும் என்பதை அவர் அடிக்கடி தெரிவித்துக்கொண்டும் இருப்பார்.

இந்த வருடம் கோயிலுக்கு நூற்றைம்பது வயது. சும்மா திருநாளுக்கே ஒருவரோடு ஒருவர் முகம் தூக்குகிற சனம், யூபிலி என்றால் கேட்கவா வேண்டும். ஆயர் வருகிறார் என்றதும் யூபிலிக் குழு அமைந்தது. அதற்குத் தலைவியாக லிண்டா அமைந்தார். அமைந்தார் என்றால், கூட்டத்தில் முதலில் எழுந்து ஆங்கிலத்தில் பேசினார், மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். நிமிர்ந்த முதுகு, குட்டையாக வெட்டிய முடி, கழுத்தில் முத்துமாலை. சிங்களமும் பேசுவார், வேலைக்காரப் பிள்ளையோடு. லிண்டாவின் ஊர் எது என்று அந்தக் கோயிலில் யாரும் கேட்டதில்லை. அந்த ஆங்கிலத்தைக் கேட்ட பிறகு ஊரைக் கேட்க நாக்கு எழாது.

பங்கின், அதாவது கோயில் சனத்தின், வரலாற்றை எல்லோரும் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது லிண்டாவின் ஏற்பாடு. ஆயர் கோயிலுக்குள் வரும்போது அவருக்கு முன்னால் ஒரு வரலாற்றுப் பவனி. கண்டி ராசா காலத்தில் பிச்சைக்காரன் வேடத்தில் வந்த கோவாச் சாமியார் ஒருவர். கோப்பித் தோட்டத்துத் தொப்பியோடு ஒரு வெள்ளைக்காரர். கண்டிச் சேலையான ஒசரி உடுத்து வெற்றிலைத் தட்டோடு ஒரு சிங்களப் பெண். லேஸ் சட்டையும் லவ் கேக்குமாக ஒரு பறங்கி லேடி. கோயிலில் மிஞ்சியிருந்த ஒரே பறங்கிக் குடும்பமும் போன வருடம் மெல்போர்னுக்கு விமானம் ஏறிவிட்டதால், பறங்கி லேடியாகவும் ஒரு சிங்களப் பிள்ளையே வருவாள். கலவரக் காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் இதே கோயில் மண்டபத்தில் ஒளிந்திருந்ததும், சிங்களப் பெண்கள் சேலைக்குள் மறைத்துச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்ததும் பவனியில் இல்லை. அதற்கெல்லாம் உடுப்பு வாடகைக்குக் கிடைக்காது அல்லவா.

தமிழருக்கு என்ன என்று பெற்றீசியா கேட்டார்.

"கொழுந்துக் கூடை," என்றார் லிண்டா ஆங்கிலத்தில். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கயிறு, முதுகில் கூடை.

"நம்ம பிள்ளைங்க டீச்சரா இருக்காங்க, நர்ஸா இருக்காங்க, பேங்க்ல இருக்காங்க," என்றார் பெற்றீசியா. "அதுல ஒருத்தர அனுப்பினா ஆகாதா?"

பங்குத்தந்தை பிறையன் ஃபாதர் அதை மொழிபெயர்த்தார். லிண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. டீச்சர் என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும், காதில் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியைச் செருகிக்கொண்டா வருவார் என்று கேட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சட்டத்தைச் சொன்னார். ஒவ்வொரு சமூகமும் பவனிக்கு ஒரு உருவம் தரவேண்டும், தந்தால் பூசையில் ஒரு குரல். உருவம் தராத சமூகத்துக்குக் குரலும் கிடையாது. கூடை வராவிட்டால் இரண்டாம் வாசகம் சிங்களத்தில் போகும், சிங்களப் பூசையில் வாசிக்கிற பையன் துஷாந்த் அதை இப்போதே பாடமாக்கத் தொடங்கிவிட்டான்.

பெற்றீசியா ஃபாதரைத் திரும்பிப் பார்த்தார். பிறையன் ஃபாதர் நல்ல மனுசன், யாரையும் நோகடிக்கமாட்டார், அதனாலேயே யாருக்கும் உதவவும் மாட்டார். தமிழை அவர் குருமடத்தில் புத்தகம் வைத்துப் படித்தவர். அவர் வாய் திறந்தால் வானத்திலிருந்து அசரீரி கேட்பதுபோல இருக்கும்.

"பெற்றீசியா அக்கா, தாங்கள் மனம் வருந்தலாகாது," என்றார். "ஒரு கூடை. ஒரே ஒரு கூடை. அதன் பின்னர் வாசகம் தங்களுடையதே."

வீட்டுக்கு வந்த பெற்றீசியா கைப்பையைக் கதிரையில் எறிந்த வேகத்திலேயே யாகப்பருக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. மிச்சத்தைக் கேட்டுவிட்டு அவர் பேப்பரை மடித்தார்.

"ஏன் பெற்றி, நீயே தூக்கிட்டுப் போனா என்ன? இந்தக் கோயில்லயே ஒனக்குத்தான் பழக்கம்."

"வாயக் கழுவுங்க!"

"உண்மையச் சொன்னா ஒடம்பு எரியும்."

"நான் வாசிக்கிறவ. பவனியில வந்தவங்க பூச முடியிற மட்டும் அதே உடுப்போட முன்னால உக்காந்திருக்கணுமாம். சாக்கக் கட்டிக்கிட்டா நான் மேடை ஏற? ஆயர் முன்னுக்கா? சனம் என்னா பேசும்?"

"சனம் என்னா பேசும்னு நீ வேணும்னா போய்க் கேட்டுப் பாரு," என்று யாகப்பர் மறுபடி பேப்பரை விரித்தார். பெற்றீசியா அப்படியே கிளம்பிவிட்டார்.

கூடை தூக்க ஒரு ஆள். நூற்றைம்பது வருடக் கோயிலில் ஒரு ஆள் அகப்படமாட்டாரா என்ன. முதல் வீட்டில் டீ ஊற்றிக் கொடுத்து, "எங்கப்பா தோட்டத்துலதான் இருந்தாரு, இல்லேங்கல. ஆனா கந்தோர்ல. எங்களுக்கு அந்தக் கூட கீட எல்லாம் தெரியாதே அக்கா" என்றார்கள். இரண்டாவது வீட்டில் அப்பா கந்தோரில் பெரிய கிளாக்கர். மூன்றாவது வீட்டில் அப்பாவும் கந்தோர், பெரியப்பாவும் கந்தோர். நான்காவது வீட்டில் கதவைத் திறக்கும்போதே கந்தோர் என்றார்கள், அதற்குள் செய்தி பரவிவிட்டது. கண்டியிலுள்ள தமிழ்க் கத்தோலிக்கர் எல்லோருடைய அப்பாக்களும் ஏதோ ஒரு தோட்டத்துக் கந்தோரில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை கிளாக்கர்மார் இருந்தால் கொழுந்தை யார்தான் எடுத்தது? அது தானாகவே உதிர்ந்து, தானாகவே வரிசையில் நின்று நிறுவை பார்த்து, தானாகவே ஃபக்டரிக்கு நடந்துபோயிருக்க வேண்டும்.

பெற்றீசியாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பொய்யர்கள், தலைமுறை தலைமுறையாகப் பொய்யர்கள் என்று திட்டிக்கொண்டே படி இறங்கினார். தன் அப்பாவையும் அதே கந்தோரில்தான் உட்கார வைத்திருக்கிறோம் என்ற ஞாபகம் பாதிப் படியில் வந்தது. அதன் பிறகு கோபம் குறைந்திருக்க வேண்டும், நியாயம் அதுதான். அது இரண்டு மடங்கானது.

பெரிய கடை வீதியில் புடவைக் கடை வைத்திருந்த குடும்பம் ஒன்று இருந்தது. அங்கே உபசாரம் பலமாக இருந்தது. "எங்க தாத்தா தூத்துக்குடியிலேருந்து கப்பல்ல வந்தவருங்க," என்றார் முதலாளி. "மன்னார்ல எறங்கிக் காட்டு வழியா தோட்டத்துக்கு நடந்து வந்தவங்க வேற ஆளுங்க." நடந்து வந்தவர்களைப் பற்றி அவருக்கு மிகுந்த அனுதாபம் இருந்தது. அவர்களுக்காகச் செபிப்பதாகவும் சொன்னார்.

பாடகர் குழுவை நடத்தும் எஸ்ரன் யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்தியார். இடமாற்றத்தில் கண்டிக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர். அவரிடம் கேட்பதில் நியாயமில்லை என்று தெரிந்தும் பெற்றீசியா அவருடைய மனைவியைக் கேட்டுப் பார்க்கலாமா என்றார்.

"ஓம் அக்கா, உங்கட கஷ்டம் விளங்குது," என்றார் எஸ்ரன். "ஆனா உந்தக் கூடை எங்களுக்குப் பொருந்தாதெல்லோ. எங்கட ஊர்ப் பனங்கட்டிக் குட்டான் எண்டா சொல்லுங்கோ, இப்பவே கொண்டு வாறன்."

கடைசியில் அகப்பட்டவள் ஜெஸ்மின். பன்விலப் பக்கத்துக் குடும்பம், டவுனில் ஒரு ஃபோன் கடையில் வேலை செய்கிறாள். அவளுக்குக் கூடையைப் பற்றி வெட்கம் எதுவும் இல்லை, காரணம் அவள் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. "வீடியோ எடுக்கலாமா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள். ஒன்றுக்கு நாலு எடுத்துக்கொள் மகளே என்று பெற்றீசியா அவளைக் கட்டிப் பிடித்து நெற்றியில் சிலுவை போட்டார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

ஆள் கிடைத்தாயிற்று, கூடை வேண்டுமே. பிரம்பிலிருந்து பிளாஸ்டிக் வரை எல்லாம் விற்கிற மர்சூக்கின் கடைக்குப் போனார். கச்சேரிக் காலத்திலிருந்தே பழக்கம்.

"எனத்துக்கு மிஸ் கொழுந்துக் கூட?" என்றார் மர்சூக். "வயசுபோன காலத்துல மலையில கொழுந்தெடுக்கப் பேர் பதியப் போறீங்களா?"

"பகிடி விடாதீங்க மர்சூக் நானா. இருக்கா, இல்லியா?"

"ஈக்குது, ஈக்குது. இப்ப தோட்டத்துல யாரு மிஸ் பிரம்புக் கூட தூக்குற? அங்க எல்லாம் நைலோன் பேக். இத ஹோட்டல்காரங்கதான் வாங்குறாங்க, வெள்ளக்காரனுக்கு மாட்டிவிட்டுப் போட்டோ புடிக்க." கூடையைத் தூசு தட்டிக் கொடுத்துவிட்டு, "எந்த ஹோட்டலுக்கு?" என்றார்.

"கோயிலுக்கு."

"அல்லாஹ்வே! அங்கயும் டூரிஸ்ட் வாராங்களா?"

பெற்றீசியாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நூற்றைம்பது வருடம் ஒரே மேட்டில் ஏறி இறங்கிய சனத்தை அந்தக் கோயில் எப்படிப் பார்க்கிறது என்பதை ஒரு முஸ்லிம் கடைக்காரர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். அதை ஆயருக்கு யார் மொழிபெயர்ப்பது?

திருநாள் காலையில் கோயில் வாசல் கொடியும் தோரணமுமாக நிறைந்திருந்தது. பெற்றீசியா நாவல் நிறக் காஞ்சிபுரம் உடுத்து, இஞ்சித் தேன் மணக்க, பலிபீடத்துக்குப் பக்கத்து அறையில் கூடையோடு காத்திருந்தார். பவனிக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கோவாச் சாமியார் தாடியை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். பறங்கி லேடி கேக்கின் ஓரத்தை ஏற்கெனவே தின்றுவிட்டாள். ஜெஸ்மினைக் காணவில்லை. வந்தது ஜெஸ்மினின் அம்மாவுடைய ஃபோன்தான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஜெஸ்மினுக்கு ஒரு சம்பந்தம் பேசியிருக்கோம். கம்பளைல. மாப்புள வீட்டாளுங்க இன்னைக்குப் பூசைக்குத்தான் வாராங்க, புள்ளையப் பாக்க."

"அதுக்கு?"

"நாங்க டவுன்னு சொல்லியிருக்கோம் அக்கா. புள்ள கூட மாட்டிக்கிட்டு வந்தா என்னா நெனப்பாங்க?"

"அவங்க மட்டும் என்னா, லண்டன்லயா பொறந்தாங்க? கம்பளைன்னா எல்லாப் பக்கமும் தோட்டம்தானே!"

"அவங்கப்பா கந்தோர்ல அக்கா," என்றது ஃபோன்.

பெற்றீசியா ஃபோனைக் கைப்பைக்குள் போட்டார். வெளியே பாண்ட் வாத்தியம் கேட்டது, ஆயரின் கார் வந்துவிட்டது. பிறையன் ஃபாதர் திருவுடையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் துஷாந்த், வெள்ளை நீளக்கைச் சட்டையில், உதட்டை அசைத்து அசைத்துப் பாடம் சொல்லிக்கொண்டு. நல்ல பையன்தான். அந்த நேரத்தில் அவனைப் பார்க்கப் பெற்றீசியாவுக்கு விஷம்போல இருந்தது.

"அக்கா, கூடை ஏந்தும் மங்கை எங்கே?"

"வரமாட்டா ஃபாதர்."

ஃபாதர் பெருமூச்சு விட்டார். அதில் வருத்தமும் இருந்தது, ஒரு கஷ்டம் தானாகத் தீர்ந்த நிம்மதியும் இருந்தது. "அவ்வாறாயின், துஷாந்தை ஆயத்தப்படுத்தட்டுமா?"

ஆமென்று சொல்லிவிட்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்திருக்கலாம். காஞ்சிபுரம் கசங்காது. கந்தோரும் கசங்காது. சனம் பெற்றீசியாவுக்கு அநியாயம் நடந்துவிட்டதென்று உச்சுக் கொட்டும், அதுவும் ஒரு மரியாதைதான். ஆனால் அந்த மேடையில் இன்றைக்கு ஒரு சொல்லும் தமிழில் விழாது. இன்றைக்கு விழாவிட்டால் அடுத்த வருடம் அது வழக்கமாகிவிடும், அதற்கடுத்த வருடம் எப்போதும் அப்படித்தான் என்பார்கள். பெற்றீசியா கச்சேரியில் வேலை செய்தவர், வழக்கங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று அவருக்குத் தெரியும்.

"வேணாம் ஃபாதர்," என்றார். "தமிழாளு வாரா. போய்ச் சொல்லுங்க."

சாக்கை எடுத்து உதறினார். காஞ்சிபுரத்தை முழங்காலுக்குக் கீழே வரை தூக்கிச் செருகி, அதன்மேல் படங்கைச் சுற்றி இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டார். ஒரு துணியை மடித்து உச்சந்தலையில் வைத்தார். குனிந்து, கூடையை முதுகுக்கு ஏற்றி, கயிற்றைத் துணிமேல் இழுத்துவிட்டார். கண்ணாடி தேவைப்படவில்லை. இத்தனை வருடம் பேனா பிடித்த கை, ஒரு தடவைகூடத் தடுமாறாமல் அத்தனையையும் செய்துவிட்டது. பெற்றீசியாவுக்குத் தன் கைமேலேயே ஆத்திரம் வந்தது.

பாட்டுப் புத்தகத்தோடு கதவில் நின்ற எஸ்ரன் வாயைப் பிளந்தார். "அக்கா, உது எங்க பழகினனீங்கள்?"

"யூடியூப்ல."

"அப்பிடியே!" என்றார் எஸ்ரன். முழுவதும் நம்பிவிட்டார், பாவம்.

கோயில் நிறைந்து வழிந்தது. கோவாச் சாமியார் போனார், தொப்பிக்காரர் போனார், ஒசரி போனது, கேக் போனது. கடைசியாகப் பெற்றீசியா. கயிறு தலையில் இருந்தால் கழுத்து நிமிராது, பார்வை தரையில்தான் போகும். அதனால் அவருக்கு முகங்கள் தெரியவில்லை, செருப்புகள்தான் தெரிந்தன. அவர் கடந்துபோகப் போக அந்தச் செருப்புகள் கொஞ்சம் உள்ளுக்கு இழுத்துக்கொண்டன. "அது பெற்றீசியா அக்கா இல்ல?" என்று யாரோ கேட்டார்கள். "ஐயோ, இருக்காது" என்று யாரோ சொன்னார்கள். அவமானத்தில் காது இரண்டும் கொதித்தது. கல்யாணத்தன்றும் இந்த நடுவழியால்தான் நடந்தார், அன்றைக்குக்கூட அது இவ்வளவு தூரமாகத் தெரியவில்லை.

முதல் வாசகம் ஆங்கிலத்தில் முடிந்தது. பெற்றீசியா எழுந்தார். கூடையை இறக்கிவைத்துவிட்டு வாருங்கள் என்று பிறையன் ஃபாதர் கையால் சைகை காட்டினார். அதை இறக்க ஒரு ஆள் பின்னால் நின்று பிடிக்கவேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும், குருமடத்துப் புத்தகத்தில் அது இல்லையே. பெற்றீசியா கூடையோடேயே மேடை ஏறினார். ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இழுத்தார். கயிற்றைக் கையால் பிடித்துக் கழுத்தை நிமிர்த்திச் சனத்தைப் பார்த்தார்.

தமிழ்ச் சனம் இரண்டாவது, மூன்றாவது வரிசைகளில் இருந்தது. அப்பாக்கள் எல்லோரும் கந்தோரில் இருந்தவர்கள். அவர்களில் ஒருவராவது மேடையைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் தலையை அண்ணாந்து கோயில் கூரையை ரசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூரையில் அப்படி ஒன்றும் இல்லை, இரண்டு இடத்தில் ஒழுகும், அவ்வளவுதான். ஜெஸ்மினுக்குப் பக்கத்தில் கம்பளைச் சம்பந்திகளும் கூரையைத்தான் பார்த்தார்கள். நல்ல பொருத்தம்.

அவர்களைப் பார்த்ததும் பெற்றீசியாவுக்கு வெட்கம் போய்விட்டது. இவ்வளவு வருடமும் அழகாக வாசிக்கவேண்டும் என்று வாசித்தவர், அன்றைக்குச் சண்டைக்கு நிற்கிறவர்போல வாசித்தார். ஒவ்வொரு சொல்லும் பின்சுவர் வரை போய் முட்டியது. முடித்ததும் யாருடைய முகத்தையும் பார்க்காமல் இறங்கினார். கூரையை ரசித்தவர்களும் வாசகத்தின் முடிவில் சனம் சொல்லும் பதிலைச் சொல்லத்தான் செய்தார்கள், வாயைத் திறக்காமல்.

பூசைக்குப் பிறகு மண்டபத்தில் தேநீர். பட்டிஸும் கேக்கும் வைத்திருந்தார்கள். பாராட்டுக்குக் குறைவில்லை. எவ்வளவு தத்ரூபம், நிஜத் தோட்டக்காரி மாதிரியே, அந்தக் குனிந்த நடையை எங்கே பிடித்தீர்கள் என்று மூன்று மொழியிலும் கேட்டார்கள். ஆயர் நின்று, எந்தத் தோட்டத்தைப் பார்த்து இதைச் செய்தீர்கள் என்று தமிழில் விசாரித்தார்.

"கலஹா, மை லோட்," என்றார் பெற்றீசியா. வழக்கமாகப் பின்னால் ஓடிவருகிற மிச்சம் வாய்வரை வந்தது. அதை விழுங்கினார். "எங்கம்மா கொழுந்தெடுத்தவங்க. நானும் எடுத்திருக்கேன்."

பக்கத்தில் நின்ற புடவைக்கடை முதலாளிக்குப் பட்டிஸ் புரையேறிவிட்டது. யாகப்பர் தூரத்தில் நின்று அதைக் கேட்டார். அன்றைக்கு அவருக்கு ஒரு பகிடியும் வரவில்லை. போய் மனைவிக்கு ஒரு கோப்பைத் தேநீர் எடுத்துவந்து கையில் கொடுத்தார்.

கூடையை இறக்க இடம் தேடி, மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார் பெற்றீசியா. கயிறு உச்சந்தலையை நெருப்பாக எரித்துக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ வந்து கூடையைச் சரியாக அடியில் கைகொடுத்துப் பிடித்தார்கள்.

"துணிய இப்புடி மடிக்கப்படாது," என்றது குரல். "நாலா மடிச்சு வெக்கணும். இல்லாட்டி கயிறு மண்டைய அறுத்துப்புடும்."

தமிழ், அதுவும் மலைத் தமிழ். பெற்றீசியா திரும்பிப் பார்த்தார். முத்துமாலையும் குட்டை முடியுமாக லிண்டா நின்றார்.

லிண்டா ஒரு விரலை நீட்டிப் பெற்றீசியாவின் உச்சந்தலையைத் தொட்டார். "எங்கம்மாவுக்கு இந்த எடத்துல முடியே இருக்கல. பெட்டியில வெச்ச அன்னைக்கும் இருக்கல."

அடிப்பாவி என்று பெற்றீசியாவின் உள்ளம் கத்தியது. ஒரு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கியது, தூக்கம் கெட்டது, எல்லாம் தொண்டைக்கு வந்தது. "அப்பறம் எதுக்குங்க எங்ககிட்ட கூட கேட்டீங்க? இந்தச் சனத்த அவமானப்படுத்தவா?"

லிண்டா குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. "எங்கம்மா பூசைக்கு வந்தா உள்ளுக்கு வரமாட்டாங்க. கதவுக்கு வெளியதான் நிப்பாங்க, செருப்பு இல்லேன்னு. ஒரு தடவயாவது அந்தக் கூட கோயில் நடுவால வாரதப் பாக்கணும்னு இருந்துச்சு." கழுத்து முத்துமாலையைத் தொட்டு, "நான் தூக்க ஏலாதே," என்றார்.

வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பெற்றீசியா நினைத்தார். வந்தது வேறு.

"எங்கம்மாவும் அங்கதான் நின்னாங்க," என்றார். "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு, நம்மளப் பத்திப் பெருமையா பேசியிருப்பாங்க."

லிண்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மண்டபத்துக்குள்ளிருந்து யாரோ ஆங்கிலத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஆயர் கிளம்புகிறாராம். இரண்டு தடவை கூப்பிட்ட பிறகும் அவரால் அந்த மொழியில் பதில் சொல்ல முடியவில்லை.